கபடிக்கு விசில் பிடிக்கப் போகிறீர்களா? புதிய நடுவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று வாடிவாசல் திறக்கும் அதே வாரத்தில்தான் எங்கள் பக்கம் கபடியும் சூடுபிடிக்கும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்த ரோட்டில் போனாலும் ஊர் மந்தையில் விளக்குக் கட்டி மைக்செட் அலறிக்கொண்டிருக்கும். ஒரே ராத்திரியில் இருபது, முப்பது அணிகள் வந்து இறங்கும். ஆடுவதற்குப் பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. விசில் பிடிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. கமிட்டிக்காரர்கள் கடைசி நேரத்தில் போன் போட்டு, "அண்ணே, நீங்களே யாராச்சும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்துருங்க" என்பார்கள். அந்த ரெண்டு பேர் பெரும்பாலும் போன வருஷம்வரை ஆடிக்கொண்டிருந்தவர்கள். விதி தெரியும், ஆனால் நடுவராக நிற்கத் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அம்பயராக நிற்க ஆரம்பித்த இரண்டாவது வருஷம். மேலூர்ப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழா, அரையிறுதி, ராத்திரி ஒன்றரை மணி. கடைசி நிமிஷம், புள்ளி சமம். எதிர்க்களத்துக்குப் பாடிப்போன ரெய்டரை மூன்று பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். அவன் அவர்களையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்து, கையை நீட்டி நடுக்கோட்டை எட்டினான். எட்டியதைக் கண்ணால் பார்த்த நான் ரெய்டர் பக்கம் கையைத் தூக்கினேன். எதிர்ப்பக்கம் நின்ற அம்பயர், மூச்சுவிடாமல் "கபடி, கபடி" என்று பாடவேண்டிய பாட்டு அதற்கு முன்னாலேயே அறுந்துவிட்டது என்று ரெய்டர் அவுட் காட்டினார். ஒரே நொடியில் இரண்டு கை, இரண்டு திசை. அவ்வளவுதான், கயிற்றைத் தாண்டி ஜனம் உள்ளே வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. போட்ட கோடெல்லாம் காலில் மிதிபட்டு அழிந்தது. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் பேசி, ஆட்டத்தை முதலிலிருந்து ஆடவைத்தார்கள்.

விடியற்காலையில் டீக்கடையில் எங்கள் மூத்த நடுவர் சொன்னார்: "நீ பார்த்ததும் நெசம், அவன் கேட்டதும் நெசம். தப்பாச் சொன்னாக்கூட ஊரு பொறுத்துக்கிரும்ப்பா. ரெண்டு பேரும் ரெண்டு சொன்னா பொறுக்காது." கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு ராத்திரியிலிருந்து கற்றுக்கொண்டதுதான்.

யார் யார் வேண்டும்

விதிப் புத்தகப்படி ஓர் ஆட்டத்துக்கு ஆறு பேர்: ஒரு ரெப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர். கிராமத்துப் போட்டியில் ஆறு பேரும் கிடைப்பது அபூர்வம். நான்கு பேராவது இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரெப்ரி ஒருவர், அம்பயர் இருவர், மேசையில் ஸ்கோர் எழுத ஒருவர். இரண்டே பேரை வைத்து நடத்தச் சொன்னால், தாட்சண்யம் பார்க்காமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள். மேசைக்கு ஆள் இல்லையென்றால் ஆடவராத ஊரிலிருந்து படித்த பையன் ஒருவனைக் கேட்டு வாங்கி, அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும்.

களத்தில் தீர்ப்புச் சொல்வது அம்பயர்கள் வேலை. அவர்களுக்குள் கருத்து மாறினால், அல்லது பெரிய பிரச்சினை வந்தால் ரெப்ரி முடிவு செய்வார். புதிதாக ரெப்ரி ஆகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் ரெப்ரி முந்திக்கொண்டு கை காட்டினால் அம்பயர்கள் சீக்கிரமே பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேருங்கள்

முதல் வேலை டேப்பை எடுத்து அளப்பது. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அந்த 10 மீட்டருக்குள்தான் இருபக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபி என்ற ஓரப்பட்டை வரும். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், யாரையும் தொடாத ரெய்டர் தாண்டியே ஆகவேண்டிய பாக் லைன், அங்கிருந்து ஒரு மீட்டரில், தாண்டி ஊன்றினால் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோடு. பெண்கள் களம் 12க்கு 8, பாக் லைன் 3 மீட்டரில். கமிட்டிப் பையன்கள் கயிறு பிடித்துப் போட்ட களம் பல நேரம் கோணலாக இருக்கும். மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். ஆண்கள் களத்தில் இரண்டு குறுக்களவும் 16.4 மீட்டர் வரவேண்டும், பெண்கள் களத்தில் 14.4. வரவில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

கோட்டின் அகலத்தையும் கவனியுங்கள். 3 முதல் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். சுண்ணாம்பைக் கையால் தூவும்போது அது ஒரு சாண் அகலத்துக்குப் போய்விடும். பிறகு போனஸ் எது, இல்லாதது எது என்று நீங்கள்தான் அல்லாடவேண்டும். தை மாதத்தில் பத்து மணிக்கு மேல் பனி இறங்கினால் மண் ஈரமாகிக் கோடு மங்கும். இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை கோட்டைப் புதுப்பிக்க ஒரு ஆளைக் கமிட்டியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அடுத்தது, எந்த விதி என்பதைப் பேசி முடிப்பது. 2014இல் புரோ கபடி லீக் வந்தபிறகு, டிவியில் பார்த்ததெல்லாம் இங்கேயும் உண்டு என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே திரும்பினால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீரவேண்டும் என்ற விதி, மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல் என்ற சூப்பர் டேக்கிள் விதி இரண்டும் உங்கள் போட்டியில் உண்டா, இல்லையா? நேரம் 20-5-20 (20 நிமிஷம் ஆட்டம், 5 நிமிஷம் இடைவேளை, மறுபடி 20 நிமிஷம்) தானா, அணிகள் அதிகம் என்பதால் குறைக்கிறார்களா? நாக்-அவுட்டில் சமன் வந்தால் அணிக்கு ஐந்து ரெய்டு வைப்பதா? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கமிட்டித் தலைவர் கையெழுத்து வாங்கி, முதல் ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். நடுராத்திரிச் சண்டையில் பாதி அந்தத் தாளாலேயே தீர்ந்துவிடும்.

கண்ணைப் பங்கு போடுங்கள்

இதுதான் முக்கியமான இடம். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர்கள் எல்லோரும் பத்து நிமிஷம் தனியாக உட்காருங்கள். யார் எதைப் பார்ப்பது என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு ரெய்டு 30 நொடிதான். அதற்குள் ரெய்டரின் கை, கால், பாட்டு, பிடிக்கிற ஏழு பேரின் கால்கள், நான்கு கோடுகள் என்று ஒரு மனுஷக் கண்ணால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் பார்க்க நினைக்கிற அம்பயர், நடக்கவேண்டியது நடக்கும் அந்த நொடியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் பிரித்துக்கொள்வது இப்படி. இரண்டு அம்பயரும் இரண்டு பக்கக் கோட்டுக்கு வெளியே, எதிரும் புதிருமாக நிற்கிறோம். ரெய்டர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கத்து அம்பயரைக் கிட்டத்து ஆள் என்போம், மற்றவர் தூரத்து ஆள். ரெய்டர் இந்தக் கார்னரிலிருந்து அந்தக் கார்னருக்குப் போனால் பொறுப்பும் கூடவே மாறும்.

கிட்டத்து ஆள் பார்ப்பது தொடுதல், போனஸ், தன் பக்கத்து லாபி. போனஸ் என்றால், பிடிக்கிற அணியில் ஆறு பேராவது களத்தில் நிற்கவேண்டும், முன்கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது பின்கால் தரையில் படாமல் அந்தரத்தில் இருக்கவேண்டும். இதைப் பார்க்க, போனஸ் கோட்டுக்கு நேராக நின்று கொஞ்சம் குனியுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் பின்காலின் கட்டைவிரல் தரையில் இருக்கிறதா, தூக்கியிருக்கிறதா என்று தெரியவே தெரியாது. முன்காலை எல்லோரும் பார்ப்பார்கள், கூட்டமும் பார்க்கும். அம்பயர் கண் இருக்கவேண்டிய இடம் பின்கால்.

தூரத்து ஆளுக்கு வேலை குறைவு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எதிர்க் கார்னரில் நிற்பவன் பதற்றத்தில் லாபிக்குள் காலை வைப்பதையும், கவர் ஆள் பின்வாங்கி எல்லைக்கோட்டைத் தாண்டுவதையும் அவர் மட்டும்தான் பார்க்கமுடியும். யாரையும் தொடாதவரை லாபி களமாகாது. தொடாமலேயே அதில் கால் வைத்தவர் அவுட். பிடி விழுந்த நொடியில் தூரத்து ஆள் பிடியைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. நடுக்கோட்டு நுனிக்கு ஓடவேண்டும். ரெய்டர் விரல் கோட்டை எட்டுகிறதா என்பதற்கு அவர்தான் சாட்சி. கிட்டத்து ஆள் பிடியிலேயே இருப்பார். வாயைப் பொத்துகிறார்களா, கழுத்தை நெரிக்கிறார்களா, கத்தரிப் பிடி போட்டுக் காலை மடக்குகிறார்களா, வேண்டுமென்றே வெளியே தள்ளுகிறார்களா என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

பாட்டு யார் பொறுப்பு? எங்கள் ஏற்பாட்டில் ரெப்ரியின் பொறுப்பு, அவர் மட்டும். அன்றைக்கு மேலூரில் நடந்த குழப்பத்துக்குக் காரணமே இதை நாங்கள் பேசிக்கொள்ளாததுதான். நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே பாட்டு தொடங்கியதா, இடையில் அறுந்ததா என்று ரெப்ரி காதால் பின்தொடரவேண்டும். தாமதமாகத் தொடங்கினால் ரெய்டரைத் திருப்பி அனுப்பி, எதிரணிக்கு ஒரு டெக்னிக்கல் பாயின்டும் (விதிமீறலுக்குத் தரும் புள்ளி) ரெய்டும் கொடுக்கவேண்டும். மைக்செட் சத்தத்தில் பாட்டு கேட்காது. அதனால் ரெய்டு நடக்கும்போது வர்ணனையை நிறுத்தச் சொல்லுங்கள். வர்ணனையாளர் மனம் கோணுவார், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். உதட்டசைவை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கை தூக்கும் முன் கண் பார்க்கணும்

ரெய்டு முடிந்ததும் கை உடனே மேலே போகத் துடிக்கும். அதை அடக்கிப் பழகுவதுதான் நடுவர் பயிற்சியிலேயே கஷ்டமான பாடம். நாங்கள் வைத்திருக்கும் முறை: முதலில் எதிர் அம்பயர் கண்ணைப் பார். அவர் கை நெஞ்சில் இருந்தால் "நான் தெளிவாகப் பார்த்தேன்" என்று அர்த்தம். தொடையில் இருந்தால் "எனக்கு மறைத்துவிட்டது, நீ சொல்". இருவர் கையும் நெஞ்சில் இருந்தால் ரெப்ரியைப் பார்ப்போம். அவர் தலையசைத்த பிறகுதான் கை மேலே போகும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். கூட்டத்துக்கு இது தாமதமாகவே தெரியாது. அவர்கள் ரெய்டர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தொடையில் கை வைக்கக் கூச்சப்படாதீர்கள். எனக்குத் தெரியவில்லை என்று சக நடுவரிடம் சொல்லமுடியாதவர், தெரியாததைத் தெரிந்தது மாதிரி ஊருக்கே சொல்லிவிடுவார். எனக்கு மிகவும் பிடித்த அம்பயர்கள் ஓர் ஆட்டத்தில் நாலு தடவையாவது தொடையில் கை வைப்பவர்கள். அவர்கள் நெஞ்சில் வைக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

அப்படியும் மாறுபட்டால் ரெப்ரி விசிலடித்து நேரத்தை நிறுத்தவேண்டும். மூன்று பேரும் களத்தின் நடுவில் கூடுங்கள். கேப்டன்கள் ஐந்தடி தள்ளி நிற்கட்டும். இங்கே ஒரே ஒரு ஒழுங்கு: என்ன பார்த்தாய் என்பதை மட்டும் சொல், என்ன தீர்ப்பு என்று சொல்லாதே. "இடது கார்னர் விரல் சட்டையில் பட்டுச்சு, பாட்டு இருந்துச்சு" என்பது சாட்சி. "அவுட்டுதான், கண்டிப்பா அவுட்டுதான்" என்பது வாதம். வாதம் வந்துவிட்டால் யார் மூத்தவர் என்று பார்க்கிற பேச்சாகிவிடும், சாட்சியை மட்டும் வைத்தால் ரெப்ரி பத்து நொடியில் முடிவு சொல்லிவிடலாம். முடிவு வந்தபிறகு மூன்று கையும் ஒரே பக்கம் காட்டவேண்டும், மனதில் ஒப்பாதவர் கையும் சேர்த்து.

சைகைகளை முன்னாலேயே ஒத்துக்கொள்ளுங்கள். புள்ளி எத்தனையோ அத்தனை விரல், புள்ளி பெற்ற அணியின் பக்கமாக. போனஸுக்குக் கட்டைவிரல். விரலைத் தலைக்கு மேலே தூக்கி, மேசை திரும்பக் காட்டும்வரை இறக்காதீர்கள்.

மேசையை மறந்துவிடாதீர்கள்

புதியவர்கள் களத்து வேலைதான் பெரிசு என்று நினைப்பார்கள். நான் பார்த்த கிராமத்துச் சண்டைகளில் நிறைய, மேசையில் தொடங்கியவைதான். அவுட் ஆனவர்கள் எந்த வரிசையில் வெளியே போனார்களோ அதே வரிசையில்தான் உள்ளே வரவேண்டும். இதைக் காப்பது உதவி ஸ்கோரர்கள் வேலை. ஒவ்வோர் அணிக்கும் ஒருவர், உட்காரும் கட்டத்துப் பக்கத்திலேயே நின்று, பனியன் எண்ணை வரிசையாக எழுதவேண்டும். நல்ல ரெய்டர் ஐந்தாவதாக உட்கார்ந்திருப்பான், மெதுவாக நகர்ந்து முதலிடத்துக்கு வந்துவிடுவான். எண் எழுதியிருந்தால் பேச்சே இல்லை.

போனஸ் புள்ளிக்கும் டெக்னிக்கல் பாயின்டுக்கும் யாரும் உள்ளே வரமுடியாது. ஓர் அணி முழுவதும் அவுட்டாகி லோனா விழுந்தால் எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதல், அவுட்டான ஏழு பேரும் மறுபடி இறங்குவார்கள். ரெய்டு முடிந்ததும் ஸ்கோரர் தன் விரலைத் தூக்கி ரெப்ரிக்குத் திருப்பிக் காட்டட்டும். ஒத்துப்போனால்தான் அடுத்த ரெய்டுக்கு விசில். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதியாட்டத்தில் "எங்களுக்கு ரெண்டு பாயின்ட் விட்டுப்போச்சு" என்ற கூச்சல் அடங்கிவிடும்.

கேப்டனும் கூட்டமும்

நடுவரிடம் பேச உரிமை கேப்டனுக்கு மட்டும். டாஸ் போடும்போதே இதை இரண்டு கேப்டன்களிடமும் மரியாதையாகச் சொல்லுங்கள். "தம்பி, உங்களுக்கு என்ன சந்தேகம்னாலும் நீங்க மட்டும் வாங்க, பதில் சொல்றேன்." சொன்னால் சொன்னபடி பதிலும் சொல்லவேண்டும். கேட்டவனை விரட்டினால் அவன் பின்னால் ஆறு பேர் வருவார்கள்.

கார்டு மூன்று: பச்சை எச்சரிக்கை, மஞ்சள் இரண்டு நிமிஷம் வெளியே, சிவப்பு அந்த ஆட்டத்திலிருந்தே வெளியே. சட்டைப்பையில் இருக்கட்டும், ஆனால் முதல் ஐந்து நிமிஷத்தில் நேர்கிற சின்ன முரட்டுத்தனத்துக்குப் பச்சையைக் காட்டத் தயங்காதீர்கள். அங்கே விட்டுக்கொடுத்தால் கடைசியில் சிவப்புத்தான் காட்டவேண்டி வரும். சொந்த ஊர், சொந்தக்காரர் அணி ஆடினால் அந்த ஆட்டத்துக்கு நிற்காதீர்கள். கமிட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும், மாமன் மச்சான் யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

இப்போதெல்லாம் இன்னொரு தொல்லை, செல்போன். தீர்ப்புச் சொன்ன மறுநொடி யாராவது வீடியோவை மூஞ்சிக்கு நேராக நீட்டுவார்கள். பார்க்காதீர்கள். டிவியில் ரிவ்யூ கேட்கிற ஏற்பாட்டுக்குப் பல கேமரா இருக்கிறது. இவர் காட்டுவது ஒரே கோணம், அதுவும் அவர் அணிக்குச் சாதகமான இடத்திலிருந்து எடுத்தது. ஒருதடவை பார்த்துவிட்டால் அன்று ராத்திரி முழுக்க எல்லாப் போனையும் பார்க்கவேண்டி வரும்.

எங்கே பழகுவது

மதுரையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ பக்கத்துப் பள்ளிக்கூடத்திலோ பையன்கள் பயிற்சி எடுக்கும்போது போய், அவர்கள் கோச்சிடம் கேட்டுக்கொண்டு விசில் பிடியுங்கள். ஜோடியாகப் போங்கள். பத்து ரெய்டுக்கு ஒருவர் பின்காலை மட்டும், மற்றவர் நடுக்கோட்டை மட்டும் பாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரெய்டுக்கும் கை தூக்காமல் ஆளுக்கொரு தாளில் தீர்ப்பை எழுதி, கடைசியில் ஒப்பிடுங்கள். எங்கே இரண்டு பேருக்கும் மாறுகிறது என்று அந்தத் தாளே காட்டிவிடும். எனக்கும் என் ஜோடிக்கும் முதலில் மாறியது பெரும்பாலும் பாக் லைனில்தான். எதிராளியைத் தொடாத ரெய்டர் அதை ஒருமுறையாவது முழுதாகத் தாண்டவேண்டும். தாண்டும் அந்த நொடியில் உடம்பில் எதுவும் கோட்டுக்கு முன்பக்கத் தரையில் படக்கூடாது என்பதை நாங்கள் இருவரும் இரண்டு விதமாகப் புரிந்துவைத்திருந்தோம். ஒரு மாசம் காலையில் அதையே பார்த்துச் சரிசெய்தோம்.

முறையாக நடுவர் தேர்வு எழுத விரும்பினால் மாவட்டக் கபடிக் கழகத்தில் விசாரியுங்கள். அதுவரை முதல் வருஷம் சின்னப் பையன்களின் எடைப்பிரிவு ஆட்டங்களை மட்டும் எடுங்கள், அதுவும் பகலில். ஓபன் பிரிவு இறுதியாட்டம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

போட்டி முடிந்ததும் நடுவர்கள் கலையாமல் ஒன்றாக டீ குடியுங்கள். அன்று சந்தேகமாக இருந்த மூன்று தீர்ப்புகளை எடுத்துப் பேசுங்கள். ஆடியவர்களோ கமிட்டிக்காரர்களோ பக்கத்தில் இருக்கக்கூடாது. அங்கிட்டு யார் சரி, இங்கிட்டு யார் தப்பு என்று போகாமல், யார் எங்கே நின்றிருந்தால் தெரிந்திருக்கும் என்று மட்டும் பேசுங்கள். என் சிறிய நோட்டில் அப்படி எழுதி வைத்த வரிகள்தான் அடுத்த வருஷம் நான் நிற்கிற இடத்தை மாற்றின.

டீக்கு எழும் முன்னால் ஒரு வேலை பாக்கி. ஸ்கோர் தாளில் இரண்டு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்குங்கள், ரெப்ரியும் அம்பயர்களும் போடுங்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு தாளைக் கமிட்டியிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு விசிலைக் கழுத்திலிருந்து கழற்றலாம்.